கருமணலிலிருந்து மின்னொளி வரை

திருவனந்தபுரத்தின் தலைவாசல் தம்பானூர். 1931-ஆம் ஆண்டு முதல் ரயில் நிலையமாக விளங்கும் கல் கட்டடமும், அதற்கு எதிரே உள்ள பேருந்து நிலையமும் நாள் முழுவதும் பயணிகளால் நிறைந்திருக்கின்றன. நாகர்கோவிலிலிருந்து வருவோரும் அங்கே திரும்புவோரும் அவர்களுள் மிகப் பலர். நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் கரமனையைக் கடந்து சற்றுத் தொலைவு சென்றால் பாப்பனங்கோடு வரும். சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பின் தேசிய பல்துறை அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் அங்கேதான் இயங்குகிறது. 1975-இல் தொடங்கப்பெற்று, 2007-இல் இன்றைய பெயரைப் பெற்ற இந்நிறுவனத்தில் நிகழும் ஆய்வுகளுள் ஒன்று, வீட்டு விளக்கின் ஒளியைக் கொண்டே மின்சாரம் எடுக்கும் சூரியக் கலத்தைப் பற்றியது.

இந்த ஆய்வுக்கும் இக்கடற்கரையின் மணலுக்கும் உறவு உண்டு. 1909-ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர், மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்னும் தாது இருப்பதைக் கண்டறிந்தார். ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலே அவருக்கு வழிகாட்டியது என்பர். அன்று அவ்வூர் திருவிதாங்கூரின் பகுதி. 1956-இல் கன்னியாகுமரி மாவட்டத்தோடு தமிழ்நாட்டில் இணைந்தது. மோனசைட்டிலிருந்து கிடைக்கும் தோரியம், வாயு விளக்குகளின் மேண்டில் செய்யப் பயன்பட்டது. ஐரோப்பிய நகர வீதிகளில் ஒளிவிட்ட விளக்குகளுக்கும், நம் திருவிழாப் பந்தல்களில் தொங்கிய பெட்ரோமாக்ஸ் விளக்குகளுக்கும் வெண்ணிற ஒளியைத் தந்தது தோரியமே.

அதே மணலில் மோனசைட்டைவிட மிகுதியாக இருப்பது இல்மனைட் என்னும் கரிய தாது. மணலுக்குக் கருநிறம் தருவது இதுவே. ஆனால் இதிலிருந்து பிரித்தெடுக்கப்படும் டைட்டானியம் டை ஆக்சைடோ தூய வெண்மை உடையது. சுவர் வண்ணப்பூச்சு, காகிதம், பிளாஸ்டிக், பற்பசை எனப் பல பொருள்களில் வெண்மை தருவது இதுதான். திருவனந்தபுரம் கொச்சுவேளியில் உள்ள திருவிதாங்கூர் டைட்டானியம் தொழிற்சாலை 1946-இல் நிறுவப்பட்டது இதற்காகவே.

1991-ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மைக்கேல் கிரேட்செல், பிரையன் ஓ'ரீகன் என்னும் இருவர் இந்த வெண்பொடிக்குப் புதிய பயன் ஒன்றைக் காட்டினர். வண்ணப்பூச்சில் கலக்கும் துகளின் அளவு ஏறத்தாழ 200 நானோமீட்டர். அவர்கள் பயன்படுத்தியதோ அதில் பத்தில் ஒரு பங்கு அளவே உள்ள நுண்துகள். அத்துகள்களைக் கண்ணாடி மேல் மெல்லிய படலமாகப் பரப்பினால், கடற்பஞ்சு போல எண்ணற்ற நுண்துளைகள் உண்டாகின்றன. உள்ளங்கை அளவுக் கண்ணாடியில் அதைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு மேற்பரப்பு கிடைக்கிறது. அம்மேற்பரப்பு முழுவதும் சாயம் பூசப்படுகிறது.

ஒளி பட்டதும் சாயம் ஓர் எலக்ட்ரானை விடுவிக்கிறது. டைட்டானியம் டை ஆக்சைடு அதைப் பெற்று வெளிச்சுற்றுக்கு அனுப்புகிறது, அதுவே மின்னோட்டம். சாயம் இழந்த எலக்ட்ரானை, உள்ளே இருக்கும் மின்பகுபொருள் ஈடுசெய்கிறது. இலையின் பச்சையம் ஒளியை வாங்கும் முறையோடு இதனை ஒப்பிடுவது வழக்கம்.

கூரைமேல் வெயிலில் இருக்கும் சிலிக்கான் பலகைகளோடு இக்கலம் போட்டியிட இயலாது. திறனிலும் ஆயுளிலும் விலையிலும் அங்கே சிலிக்கானே முன்னிற்கிறது. ஆனால் வீட்டுக்குள் நிலைமை வேறு. நேர்வெயிலின் ஒளியளவு ஒரு லட்சம் லக்ஸ் என்றால், அலுவலக மேசைமேல் விழுவது சில நூறு லக்ஸ் மட்டுமே. அந்த மங்கிய ஒளியில் சிலிக்கான் தளர்ந்துவிடுகிறது. விளக்கொளியின் நிறங்களுக்கு ஏற்பச் சாயத்தைத் தேர்ந்தெடுத்து, தாமிரச் சேர்மங்களை மின்பகுபொருளாகக் கொண்ட கலங்களோ, அங்கு விழும் ஒளியாற்றலில் 30 விழுக்காட்டுக்கும் மேல் மின்சாரமாக மாற்றியுள்ளதாக உலக ஆய்வேடுகள் பதிவு செய்துள்ளன. சுவர்க் கடிகாரம், வெப்பநிலை காட்டும் கருவி, கிடங்குகளில் பொருத்தப்படும் உணரிகள் ஆகியவற்றுக்கு இம்மின்சாரம் போதும். பயன்படுத்தி எறியப்படும் சிறு பேட்டரிகளின் குவியலைக் குறைக்க இது வழியாகும்.

தடைகளும் இல்லாமல் இல்லை. திரவ மின்பகுபொருள் கசியவோ உலரவோ கூடும். சாயம் நாளடைவில் சிதையலாம். ஆய்வகத்தில் விரல்நகம் அளவில் கிடைக்கும் திறன், பெரிய பலகையில் குறைந்துவிடுகிறது. இவற்றை வென்றால்தான் கலம் கடைக்கு வரும்.

ஆய்வகத்திற்கும் சந்தைக்கும் இடையே உள்ள இத்தொலைவைக் குறைக்க, இதே நகரின் தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் ஒரு வழியைக் காட்டியது. விண்கலங்களுக்காக அங்கு உருவாக்கிய லித்தியம் அயனி மின்கலத் தொழில்நுட்பத்தை, தலா ஒரு கோடி ரூபாய்க் கட்டணத்தில் இந்தியத் தொழில் நிறுவனங்களுக்கு வழங்க 2018-இல் இஸ்ரோ முன்வந்தது. 2024 ஜனவரி 1 அன்று பி.எஸ்.எல்.வி. சி58 ராக்கெட்டில் சென்ற, இம்மையத்தின் எரிபொருள் கலம், ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் இணைத்து விண்ணில் 180 வாட் மின்சாரம் தந்தது. அதன் கழிவு வெறும் நீரே.

இங்கே நாம் எண்ண வேண்டிய பொருளாதாரக் கேள்வி ஒன்று உண்டு. நூறாண்டுகளுக்கு முன் மணல் நம்முடையது. அதிலிருந்து பிறந்த விளக்கும் அதன் ஆதாயமும் பிறருடையவை. தாதுவாக விற்றால் கிடைக்கும் விலை சிறிது; நுண்துகளாக்கி, கலமாக்கி விற்றால் கிடைப்பது பெரிது. மணல் எடுப்பதால் கரை அரிக்கப்படும் என்னும் மீனவர் அச்சம் கொல்லம் மாவட்டத்து ஆலப்பாட்டில் போராட்டமாகவே எழுந்தது. கரையை இழப்பவர் ஒருவர், பயன் பெறுபவர் மற்றொருவர் என்றால் அந்த மின்சாரத்தைத் தூய்மையானது என்று முழுமனத்தோடு சொல்ல இயலாது. குறைந்த மணலில் மிகுந்த மதிப்பை உண்டாக்கும் ஆய்வு, அறிவியலுக்கு மட்டுமன்றிக் கடற்கரைக்கும் செய்யும் நன்மையாகும்.

சாயக் கலம் இல்லம் வரும்வரை வாடிக்கையாளர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், கூரைமேல் ஒரு கிலோவாட் சிலிக்கான் பலகைகள் அமைக்க 30,000 ரூபாயும், இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், மூன்றும் அதற்கு மேலும் எனில் 78,000 ரூபாயும் மானியமாக அறிவிக்கப்பட்டன. பொதுத்துறை வங்கிகள் இதற்குக் கடனும் வழங்குகின்றன. நடப்பு விதிமுறைகளையும் வட்டி விகிதத்தையும் கிளையில் கேட்டறிந்து, தம் மாத மின்கட்டணத்தோடு தவணையை ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுப்பது நன்று.

அடுத்த முறை தம்பானூரில் இறங்கி நாகர்கோவில் பேருந்தில் ஏறும் வாசகர்கள், பாப்பனங்கோட்டைக் கடக்கும்போது சற்றே திரும்பிப் பார்க்கலாம். அப்பேருந்து செல்லும் திசையில் உள்ள மணவாளக்குறிச்சியின் மணல் ஒருகாலத்தில் அயல்நாட்டு வீதிகளுக்கு ஒளி தந்தது. இனி அது நம் வீட்டு ஒளியையே மின்சாரமாக்கித் தருமா என்பதற்கான விடையை அங்கே தேடிக்கொண்டிருக்கிறார்கள்.