விடுதலைக்கு அப்புறம் ஓர் ஆண்டு

டீயை ஆறவிடாதீர்கள், விஷயம் கொஞ்சம் நீளம். ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் உட்கார்ந்து வழக்கு, வாய்தா என்று பேச்செடுத்தால் இந்தக் கேள்வி வராமல் போகாது: “பொய் கேஸுல உள்ள போய், அலைஞ்சு, கடைசியில விடுதலையும் ஆயாச்சு. போன வருசத்துக்கெல்லாம் கவர்மெண்ட்டு ஏதாச்சும் குடுக்குமா சார்?”

குடுக்கும். ஆனால் தானாகக் குடுக்காது. கேட்க வேண்டும், கெடுவுக்குள் கேட்க வேண்டும்.

கைதான நாளிலிருந்தே தொடங்குவோம். ஏன் பிடிக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு. பயண நேரத்தை மட்டும் கழித்துக்கொள்ளலாம். மலையில் இதைத்தான் சாக்காகச் சொல்வார்கள். ஏற்காட்டிலிருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர்; 20 கொண்டை ஊசி வளைவையும் சேர்த்தே பஸ்ஸில் ஒரு மணி நேரம் சொச்சத்தில் இறங்கிவிடலாம். பாதையைக் காட்டி இரண்டு நாள் வைத்திருந்தால் அது சட்டவிரோதக் காவல். மாஜிஸ்திரேட் முன் நிற்கும்போது, எந்தத் தேதியில் எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், அடித்தார்களா என்பதை அங்கேயே சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு ரிமாண்ட் உத்தரவில் ஏறும் ஒரு வரி, பத்து வருடம் கழித்துச் சொல்லும் நூறு வரியைவிடப் பெறுமானம் உள்ளது.

சரி, விடுதலை ஆகிவிட்டது. அடுத்து? போதிய காரணம் இல்லாமல் ஒருவரைக் கைது செய்ய வைத்தவரிடமிருந்து இழப்பீடு வாங்கித் தர மாஜிஸ்திரேட்டுக்கே அதிகாரம் உண்டு. தொகைக்கு ஓர் உச்சவரம்பு: 1,000 ரூபாய். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த அதே தொகை, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 399ஆம் பிரிவிலும் அப்படியே இருக்கிறது. சேலம் போய்வரும் வாய்தாச் செலவுக்கே அது காணாது.

அதனால் பெரிய தொகைக்கு உரிமையியல் நீதிமன்றம் போக வேண்டும். வன்மத்தோடு வழக்குப் போட்டார்கள் என்று நஷ்ட ஈடு கேட்க விடுதலையான நாளிலிருந்து ஓராண்டுதான் கெடு. பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். வீட்டுக்கு வந்து, கடனை அடைத்து, தோட்ட வேலைக்குத் திரும்பி மூச்சு விடுவதற்குள் அந்த வருடம் ஓடிவிடும். மனித உரிமை ஆணையத்துக்கும் சம்பவத்திலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும்.

இன்னொரு வழி, உரிமை பறிபோனது என்று உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுவது. இந்த வழியைத் திறந்துவிட்டது பீகாரின் ருதுல் ஷா வழக்கு. 1968இல் விடுதலையான மனிதரை 1982 வரை சிறையிலேயே வைத்திருந்தார்கள். 1983இல் உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே தந்த 5,000 ரூபாயோடு இன்னும் 30,000 தரச் சொன்னது. கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஏழு ரூபாய்கூட வராது. ஆனால் உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் காப்பான அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு மீறப்பட்டால் அரசு பணமாகவே ஈடு செய்ய வேண்டும் என்பது அன்றிலிருந்து நிலைபெற்றது. நாகர்கோவில்காரரான விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 2018இல் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் வழங்கியதும் இந்த வழியில்தான். பொய் வழக்கில் அவர் கைதானது 1994இல்.

மலை மக்களுக்குக் கூடுதலாக ஒரு வழி உண்டு. சேலம் மாவட்டத்து மலைகளில் வாழும் மலையாளிகள் (கேரளக்காரர்கள் அல்ல) பட்டியல் பழங்குடியினர். பட்டியல் சாதியையோ பட்டியல் பழங்குடியையோ சேராத ஒருவர் அவர்கள்மேல் பொய் வழக்குப் போட்டால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி அதுவே குற்றம்.

நம் பக்கத்திலேயே பாருங்கள். சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியும் மலையாளி ஊர்தான். 1992 ஜூன் 20ஆம் தேதி, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வழக்கும் சிறையும் ஊர்க்காரர்களுக்குத்தான். பெண்களும் குழந்தைகளுமாக நூறு பேருக்கு மேல் உள்ளே போனார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் போராடி, 1995இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சிபிஐ வந்தது. குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று சொன்னது. சரியாகப் பன்னிரண்டு வருடம் கழித்து அதே தேதியில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் தர உத்தரவிட்டது. நடுவில் போனது 31 வருடம்.

இத்தனை இழுபறி ஏன்? தவறான வழக்குக்கு இழப்பீடு பெறுவது உரிமை என்று தனிச் சட்டம் எதுவும் இல்லை. 2018இல் சட்ட ஆணையம் தன் 277ஆவது அறிக்கையில், இதற்கென்றே சிறப்பு நீதிமன்றம் வேண்டும், விரைந்து முடிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஐந்து வருடம் கழித்து நடைமுறைச் சட்டத்தையே மாற்றி எழுதியபோதும் அதைச் சேர்க்கவில்லை.

ஆகவே, கையில் இருப்பதை வைத்துத்தான் ஆட வேண்டும். ‘சந்தேகத்தின் பலனை அளித்து’ விடுதலை என்று தீர்ப்பில் இருந்தால், நஷ்ட ஈட்டு வழக்கு திணறும். நியாயமான காரணமே இல்லாமல் வழக்குப் போட்டார்கள் என்பதை நீங்கள் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டிவரும். அதனால் இறுதி வாதத்திலேயே வக்கீலிடம் சொல்லுங்கள்: விடுதலை மட்டும் போதாது, சாட்சி ஜோடிக்கப்பட்டது என்றால் நீதிமன்றம் அதை எழுத்தில் பதிய வேண்டும் என்று கேட்கட்டும். தீர்ப்பு வந்த வாரமே சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. சேலத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100க்குப் போன் போட்டாலும் வழி சொல்வார்கள். கெடு முடிந்த பிறகு போனால், அவர்களாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.