கம்பெனி மெர்ஜ் ஆயிடுச்சு... இனி யார்கிட்ட கையெழுத்து வாங்கணும்? ஊழியர்கள் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

தரமணியில் 'அசெண்டாஸ் போகணும்' என்று சொன்னால் எந்த ஆட்டோக்காரரும் மறுகேள்வி கேட்க மாட்டார். ஆனால், அந்த ஐ.டி. பூங்காவுக்குப் பின்னால் இருந்த அசெண்டாஸ்-சிங்பிரிட்ஜ் நிறுவனத்தை சிங்கப்பூரின் கேப்பிடாலேண்ட் குழுமம் 2019 ஜூன் இறுதியிலேயே வாங்கிவிட்டது. சொத்து கைமாறிவிட்டது, பழைய பெயர் மட்டும் மக்கள் வாயிலேயே தங்கிவிட்டது.

கட்டடத்தைப் பழைய பெயரில் அழைப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. அதற்குள் வேலை பார்ப்பவரின் கம்பெனி இன்னொரு கம்பெனியோடு இணையும்போதுதான் சிக்கல். பாதி ஆவணம் பழைய பெயரில், மீதி புதிய பெயரில் என்று நின்றுவிட்டால் பி.எஃப். முதல் அடுத்த வேலைக்கான சரிபார்ப்பு வரை எல்லாமே இழுக்கும்.

"லீவு எந்த போர்ட்டல்ல போடுறது?", "அப்ரைசல் பழைய மேனேஜர் பண்ணுவாரா, புது மேனேஜரா?", "ஹெச்.ஆர். மெயிலுக்குப் பதிலே வர மாட்டேங்குதே!" - இணைப்புக்குப் பிந்தைய மாதங்களில் கேன்டீனில் கேட்கும் புலம்பல்கள் இவை. ஏன் இப்படி ஆகிறது? என்ன செய்யலாம்?

ஒரு நாளில் இணைப்பு, ஒன்றரை ஆண்டு வேலை

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியின் கதை இதற்கு நல்ல உதாரணம். கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட அலகாபாத் வங்கி இதனுடன் இணைக்கப்படும் என்று 2019 ஆகஸ்ட் 30 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். 2020 ஏப்ரல் 1-ல் இணைப்பு அமலுக்கு வந்தது. நாடே ஊரடங்கில் இருந்த நேரம் அது.

சட்டப்படி அன்றே இரண்டும் ஒரே வங்கி. ஆனால், இரு வங்கிகளின் மென்பொருள் அமைப்புகள் ஒன்றாகச் சேர்ந்தது 2021 பிப்ரவரியில்தான். அலகாபாத் வங்கியின் பழைய காசோலைகள் 2021 செப்டம்பர் 30 வரை செல்லுபடியாயின. அதாவது, பெயர்ப்பலகையில் ஒரு நாளில் முடிந்த இணைப்பு, மென்பொருளில் பத்து மாதமும் காசோலையில் பதினெட்டு மாதமும் எடுத்துக்கொண்டது.

எந்த இணைப்பிலும் இந்த இடைவெளி இருக்கும். ஊழியர்கள் சிக்கிக்கொள்வது இதற்குள்தான்.

எல்லாம் ஏன் மெதுவாகிறது?

ஒவ்வொரு கம்பெனியிலும் யார் எவ்வளவு தொகை வரை, எந்த விஷயத்துக்குக் கையெழுத்துப் போடலாம் என்று ஓர் அதிகாரப் பட்டியல் இருக்கும். இணைப்பு நடந்ததும் இரண்டு பட்டியல்கள் மோதிக்கொள்கின்றன. நேற்று வரை 50,000 ரூபாய் பில்லுக்கு ஒப்புதல் தந்த மேனேஜருக்கு, இன்று அந்த அதிகாரம் இருக்கிறதா என்று அவருக்கே தெரியாது. தெரியாதபோது அவர் செய்வது ஒன்றுதான்: மேலே அனுப்பிவிடுவார். மேலே இருப்பவருக்கும் அதே சந்தேகம்.

பதில் வராத மெயிலுக்குப் பின்னால் பெரும்பாலும் பகையோ அலட்சியமோ இருப்பதில்லை. கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு என்பது முடிவாகாமல் இருக்கும். இது புரிந்தால் கேள்வியை மாற்றிக் கேட்கலாம். "எப்ப முடியும்?" என்பதைவிட "இதுக்கு இப்ப அப்ரூவ் பண்ற அதிகாரம் யாருக்கு இருக்கு?" என்று கேட்டால் வேலை நகரும்.

உங்கள் கம்பெனிக்கு உண்மையில் என்ன நடந்தது?

'மெர்ஜர்' என்ற ஒரே வார்த்தையில் எல்லாரும் சொன்னாலும், நடப்பது மூன்று விதமாக இருக்கலாம்.

* பங்குகள் மட்டும் கைமாறுவது: முதலாளி மாறுகிறார்; கம்பெனி மாறுவதில்லை. உங்கள் வேலை ஒப்பந்தம் அதே கம்பெனியுடன் அப்படியே தொடரும்.
* முழு இணைப்பு: உங்கள் கம்பெனி சட்டப்படி மறைந்து, இன்னொன்றில் கரைகிறது. பொதுவாக ஊழியர்கள் மொத்தமாகப் புதிய கம்பெனிக்கு மாறுவார்கள்.
* ஒரு பிரிவை மட்டும் விற்பது: பழைய கம்பெனி இருக்கும், உங்கள் டீம் மட்டும் வேறு கம்பெனிக்குப் போகும். அதிக கவனம் தேவைப்படுவது இங்குதான்.

மூன்றாவது வகையில் சில நேரம் "ஒரு ரெசிக்னேஷன் மெயில் போட்டுடுங்க, புது ஆஃபர் லெட்டர் வந்துடும், சும்மா ஃபார்மாலிட்டிதான்" என்பார்கள். ராஜினாமா என்பது ஃபார்மாலிட்டி அல்ல. அது பணித் தொடர்ச்சியையே அறுத்துவிடக்கூடும். 'முந்தைய பணிக்காலம் இடைவெளியின்றித் தொடர்வதாகக் கருதப்படும்' என்ற வரி புதிய கடிதத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே எதிலும் கையெழுத்துப் போட வேண்டும்.

படிக்க வேண்டிய ஒரு பக்கம்

முழு இணைப்புக்கு 'ஸ்கீம்' என்ற திட்ட ஆவணம் உண்டு. 2013 கம்பெனிகள் சட்டத்தின்படி பெரும்பாலான இணைப்புகளில் இதற்கு தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் ஒப்புதல் தர வேண்டும். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனி என்றால், பங்குச்சந்தை இணையதளத்திலேயே இந்த ஆவணம் கிடைக்கும். எல்லாப் பக்கங்களையும் படிக்கத் தேவையில்லை. 'ஊழியர்கள்' என்ற தலைப்பின் கீழ் உள்ள பகுதி போதும்.

கரூரில் 1926-ல் தொடங்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பர் 27 அன்று டி.பி.எஸ். வங்கியின் இந்திய நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. ஊழியர்கள் அதே ஊதியத்திலும் அதே பணி நிபந்தனைகளிலும் தொடர்வார்கள் என்று அந்த இணைப்புத் திட்டமே சொன்னது. டவுன் ஹால் கூட்டத்தில் தரும் வாக்குறுதிக்கும் இப்படி எழுத்தில் இருக்கும் வரிக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

ஆவணத்தில் இரண்டு தேதிகள் இருக்கும். கணக்குவழக்குக்கான தேதி ஒன்று; நடைமுறைக்கு வரும் தேதி இன்னொன்று. எல்.டி.ஐ., மைண்ட்ட்ரீ இணைப்பில் முதல் தேதி 2022 ஏப்ரல் 1. இணைப்பு நடைமுறைக்கு வந்ததோ 2022 நவம்பர் 14. ஊழியர்கள் புதிய கம்பெனிக்கு மாறுவது வழக்கமாக இரண்டாவது தேதியில்தான். அடுத்த வேலைக்கான படிவத்தில் தேதியை மாற்றி எழுதிவிட்டால் சரிபார்ப்பில் கேள்வி வரும்.

கிராஜுவிட்டி: ஒரு வரி, ஒரு லட்சம் ரூபாய்

பணித் தொடர்ச்சி ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நிரந்தர ஊழியர் ஒருவர் பழைய கம்பெனியில் 2 ஆண்டு, இணைப்புக்குப் பிறகு 3 ஆண்டு வேலை பார்த்துவிட்டு விலகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிராஜுவிட்டிக்கான கடைசி மாதச் சம்பளம் 40,000 ரூபாய்.

5 ஆண்டு தொடர் பணி என்றால், ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் (40,000 x 15 x 5 / 26) சுமார் 1,15,384 ரூபாய் கிடைக்க வேண்டும். பழைய 2 ஆண்டை விட்டுவிட்டு, இணைப்புத் தேதியிலிருந்து மட்டும் எண்ணினால் 3 ஆண்டுதான். கிடைப்பது பூஜ்ஜியம். அந்த ஒரு வரியின் மதிப்பு இதுதான்.

பி.எஃப்., வரி: எங்கே பார்ப்பது?

இணைப்புக்குப் பிறகு பி.எஃப். உறுப்பினர் எண் மாறலாம். ஆனால், உங்கள் யு.ஏ.என். எண் மாறக்கூடாது. பி.எஃப். தளத்தில் 'சர்வீஸ் ஹிஸ்டரி' பகுதிக்குப் போய், பழைய கம்பெனியின் வெளியேறிய தேதியும் புதிய கம்பெனியின் சேர்ந்த தேதியும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தேதி விடுபட்டிருந்தாலும், ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் பின்னாளில் பணம் எடுக்கும்போது விண்ணப்பம் சிக்கும். 5 ஆண்டு தொடர் பணிக்கு முன் பி.எஃப். பணத்தை எடுத்தால் வரி உண்டு என்பதால், பழைய கணக்கின் இருப்பைப் புதியதற்கு மாற்றிக்கொள்வதும் அவசியம்.

நிதியாண்டின் நடுவே கம்பெனி மாறினால் இரண்டு ஃபார்ம் 16 வரலாம். வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது இரண்டையும் சேர்த்துக் காட்ட வேண்டும். ஒன்றை மட்டும் காட்டினால் வருமான வரித் துறையிடமிருந்து கேள்வி வரும்.

பழைய போர்ட்டல் மூடும் முன்

பழைய மெயில் ஐ.டி.யும் ஹெச்.ஆர். தளமும் ஒரு நாள் மூடப்படும். அதற்கு முன் உங்கள் சொந்த ஆவணங்களைச் சேமித்துக்கொள்ளுங்கள்:

* ஆஃபர் லெட்டர், சம்பள உயர்வுக் கடிதங்கள், எல்லா மாத பே-ஸ்லிப்புகள்
* மீதமுள்ள விடுமுறை நாள்களைக் காட்டும் பக்கம்
* அப்ரைசல் முடிவுகள், போனஸ் கடிதங்கள்
* ஊழியர் பங்குத் திட்டம் இருந்தால் அதன் ஒப்பந்தம்
* மருத்துவக் காப்பீட்டு அட்டை, பெற்றோர் பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்ற விவரம்

உங்களுக்கென்று தரப்பட்ட ஆவணங்களை மட்டுமே எடுக்க வேண்டும். கிளையன்ட் ஃபைல்கள், கோட், கம்பெனித் தரவுகளைத் தொட்டால் அதுவே ஒழுங்கு நடவடிக்கைக்குக் காரணமாகிவிடும்.

தினசரி வேலைக்கு மூன்று பழக்கங்கள்

வாய்மொழியாகப் பேசி முடிவானதை அன்றே இரண்டு வரி மெயிலாக அனுப்புங்கள். "இன்று பேசியபடி, என் விடுமுறை விண்ணப்பத்துக்கு நீங்கள் ஒப்புதல் தருவீர்கள் என்று புரிந்துகொண்டேன்" என்றால் போதும். மேனேஜர் மாறினாலும் மெயில் இருக்கும்.

ஒரு மெயிலில் ஒரு கோரிக்கை மட்டும் வையுங்கள். ஐந்து கேள்விகளை ஒன்றாக அனுப்பினால், பதில் தெரியாத ஒரு கேள்விக்காக மற்ற நான்கும் காத்திருக்கும்.

பதவிப் பெயரும் கிரேடும் மாறினால், பழைய கிரேடு புதியதில் எதற்குச் சமம் என்று எழுத்தில் கேளுங்கள். 'சீனியர்' என்ற சொல் இரண்டு கம்பெனிகளில் இரண்டு அர்த்தம் தரும். அடுத்த புரமோஷன் இந்தப் பொருத்தத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும்.

அப்படியும் நடக்கவில்லை என்றால்?

நிறுவனம் கைமாறும்போது தொழிலாளருக்கு நோட்டீசும் இழப்பீடும் தர வேண்டும். பணித் தொடர்ச்சியும் பழைய நிபந்தனைகளும் குறையாமல் காக்கப்பட்டால் மட்டுமே இதிலிருந்து விலக்கு. 1947 தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. நிர்வாக, மேற்பார்வைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்துவதில் வரம்புகள் உண்டு. பதவிப் பெயரைவிட, செய்யும் வேலையின் தன்மையே முக்கியமாகப் பார்க்கப்படும்.

ஐ.டி. ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்பதைத் தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. தனியாக நின்று கேட்கத் தயங்குபவர்கள், ஒரே சிக்கல் உள்ள சக ஊழியர்களுடன் சேர்ந்து எழுத்தில் கேட்கலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறையை அணுகலாம்.

உங்கள் கம்பெனியில் இணைப்பு அறிவிப்பு வந்திருந்தால், இந்த வார இறுதியில் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். பே-ஸ்லிப்புகளைத் தரவிறக்குங்கள். பி.எஃப். தளத்தில் தேதிகளைச் சரிபாருங்கள். இரண்டுக்கும் யாருடைய அப்ரூவலும் தேவையில்லை.