மனையும் வரம்பும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன. அவற்றுள் உணவின் பயன் உண்பானையும், உடையின் பயன் உடுப்பானையும் சாரும். உறையுளோ அத்தகையதன்று. ஒருவன் எழுப்பும் சுவர் அண்டை வீட்டாரின் காற்றையும் ஒளியையும் தடுத்தல் கூடும். அவன் மேடாக்கிய மனை தெருவில் ஓடும் மழைநீரைப் பிறர் முற்றத்திற்குத் திருப்புதல் கூடும். மனை ஒருவனுக்கு உரியதாயினும் அதனால் விளையும் நன்மையும் தீமையும் பலர்க்கு உரியன. ஆதலின், கட்டடம் தொடங்குமுன் உரிய அலுவலகத்தில் இசைவு பெறுதல் வேண்டும் என்று சட்டம் விதித்துள்ளது. தமிழ்நாட்டில் 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டமும், 2019-ஆம் ஆண்டின் கட்டட விதிகளும் இதற்குரிய நெறிகளை வகுத்துள்ளன.

இசைவு என்பது முத்திரையிட்ட வெறுந்தாள் அன்று. வரைபடத்தை ஆராயும் அலுவலர், கட்டடத்தைச் சுற்றிலும் போதிய வெற்றிடம் உண்டா, தெருவின் அகலத்திற்கு ஏற்ற உயரம்தானா, மாடிப்படிகள் போதுமான அகலம் உடையனவா, கழிவுநீர் செல்லும் வழி யாது, மழைநீர் நிலத்தில் இறங்க இடமுண்டா என்பனவற்றையெல்லாம் பார்த்தல் வேண்டும். பக்கவாட்டில் விடும் வெற்றிடம் வீண் என்று பலர் எண்ணுவர். தீப்பற்றிய நாளில் ஏணியைச் சாத்துவதற்கும், நீர்க்குழாயை இழுத்துச் செல்வதற்கும், உள்ளிருப்போர் ஓடித் தப்புவதற்கும் அவ்விடமே உதவும் என்பதை அவர் அப்பொழுது நினைப்பதில்லை.

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார்” என்பது பழமொழி. பொருட்செலவும் காலத்தாழ்வும் வீடு கட்டுவோரை வருத்துவது உண்மையே. அவ்வருத்தத்தினால் சிலர் இசைவு பெறாமலே பணியைத் தொடங்குகின்றனர். சிலர் இரண்டு மாடிக்கு இசைவு பெற்று மூன்றாவதையும் எழுப்புகின்றனர். ‘பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணம் எத்துணைக் கேடு பயக்கும் என்பதற்குக் கேரள நாட்டில் நிகழ்ந்த ஒரு செய்தி சான்றாகும்.

கொச்சி நகரை அடுத்து, காயற்கரையில் உள்ள ஊர் மரடு. அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்டுவதற்கு 2006-ஆம் ஆண்டில் ஊராட்சி இசைவு அளித்தது. ஆனால், நீர்நிலைகளின் கரையைக் காக்கும் பொருட்டு நடுவணரசு வகுத்த விதிகளின்படி, கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்தின் ஒப்புதலும் வேண்டும். அது பெறப்படவில்லை. 2007-ஆம் ஆண்டில் ஊராட்சியே அறிவிப்பு அனுப்பிற்று. கட்டுவோர் நீதிமன்றத்தை நாடி, அதற்குத் தடை பெற்றுப் பணியைத் தொடர்ந்தனர். மாடிகள் உயர்ந்தன, வீடுகள் விற்கப்பட்டன, குடும்பங்கள் குடியேறின.

வழக்கு முடிவில், 2019-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள், அக்கட்டடங்களை அகற்றுமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. வாழ்நாள் முழுதும் ஈட்டிய பொருளைக் கொடுத்து வீடு வாங்கியவர் கலங்கினர். செப்டம்பர் மாதத்தில் மின்சாரமும் குடிநீரும் நிறுத்தப்பட்டன. 300-க்கு மேற்பட்ட வீடுகள் வெறுமையாயின. வீட்டுக்கு 25 இலட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு அளிக்குமாறு நீதிமன்றம் பணித்தது. 2020-ஆம் ஆண்டு சனவரி 11, 12 ஆகிய இரு நாள்களில் நான்கு குடியிருப்புகளும் வெடிமருந்தால் தகர்க்கப்பட்டன. பல்லாண்டு உழைப்பு நொடிப்பொழுதில் புழுதியாயிற்று. பிழை செய்தவர் சிலர், வீடிழந்தவர் பலர். 2007-ஆம் ஆண்டிலேயே பணி நின்றிருக்குமாயின், அவ்விழப்பு கட்டுவோரின் பொருளோடு ஒழிந்திருக்கும். பிறர் குடும்பங்களைத் தீண்டியிராது.

இதனால் அறியத்தக்கது ஒன்றுண்டு. பிழையை எவ்வளவு விரைவில் ஒப்புக்கொள்கின்றோமோ அவ்வளவுக்கு இழப்பு சிறிதாகும். இசைவின்றிப் பணி தொடங்கிவிட்டவர் முதற்கண் செய்யத்தக்கது, அப்பணியை உடனே நிறுத்துதலே. பின்னர்த் தகுதி வாய்ந்த பொறியாளரைக் கொண்டு, எழுந்த அளவுகளை விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். விதிக்கு உட்பட்டதாயின், உரிய கட்டணம் செலுத்தி இசைவு வேண்டி விண்ணப்பிக்கலாம். ஒரு பகுதி மட்டும் வரம்பு கடந்திருப்பின், அப்பகுதியைத் தாமே நீக்கி எஞ்சியதைக் காத்துக்கொள்ளலாம். கையூட்டுக் கொடுத்து மறைத்தல் பிழையைத் தீர்க்காது. அதனைப் பிள்ளைகளுக்கும் வாங்குவோர்க்கும் கைம்மாற்றியே வைக்கும். வீடு வாங்குவோரும் பணம் கொடுக்குமுன் ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கேட்டு வாங்கி, கட்டடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று.

சட்டத்தைக் காப்போர்க்கும் வரம்பு உண்டு. முன்னறிவிப்பின்றி ஒருவர் வீட்டை இடித்தல் முறையன்று என்று 2024-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குறைந்தது 15 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுத்தல் வேண்டும். உரியவர் கூறுவதைக் கேட்டல் வேண்டும். இடிக்க ஆணையிட்ட பின்னரும், மேல்முறையீடு செய்யவோ தாமே அகற்றிக்கொள்ளவோ மேலும் 15 நாள் விடுதல் வேண்டும் என்பன அத்தீர்ப்பின் கூறுகள். தெரு, ஆறு முதலிய பொது இடங்களில் எழுப்பியவற்றுக்கு இவ்விதி பொருந்தாது.

கட்டுவோர் வரம்பு கடந்தால் அண்டை வீட்டார் துன்புறுவர்; அலுவலர் வரம்பு கடந்தால் குடியிருப்போர் துன்புறுவர். இருவரும் தத்தம் வரம்பில் நிற்கும் ஊரில் வீடுகள் நிலைபெறும்; அவற்றுள் வாழ்வோரும் அச்சமின்றி உறங்குவர். செங்கல்லை அடுக்குமுன் ஒரு விண்ணப்பம் எழுதுதல் சிறு செயலே. அச்சிறு செயலே வீட்டுக்கு முதல் அடித்தளமாகும்.