பக்கத்துக்குப் பின்னால் ஒரு பக்கம்

ஒரு பாடசாலையின் இணையத்தளத்தைத் திறந்தால் பரிசளிப்பு விழாப் படங்களும் பரீட்சை அறிவித்தல்களும் கண்ணில் படும். அவற்றை யார், எந்தத் திரையிலிருந்து ஏற்றினார் என்று நாம் யோசிப்பதில்லை. வாசகர் காணும் ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால், எழுதுபவர் மாத்திரம் காணும் இன்னொரு பக்கம் உண்டு. அந்தப் பின்பக்கத்தை வடிவமைப்பதே எனது தொழில். அதைப் பற்றி மாணவிகளான தங்கைமாரோடும் பெற்றோரோடும் சில விடயங்களைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இணையத்தளமொன்றின் எழுத்துகளையும் படங்களையும் சேமித்து, ஒழுங்குபடுத்தி, வெளியிட உதவும் மென்பொருளை ‘உள்ளடக்க முகாமைத்துவ முறைமை’ என்பர். 2003 இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் அவற்றுள் மிகவும் பரவலானது. நிரல் எழுதத் தெரியாதவரும் இணையத்தில் எழுதலாம் என்பதே இத்தகைய மென்பொருள்கள் தரும் வாக்கு. அந்த வாக்கு நிறைவேறுகிறதா இல்லையா என்பதை எழுதும் திரைதான் தீர்மானிக்கிறது.

இந்த எண்ணம் புதியதல்ல. 1990 இல் டிம் பேர்னர்ஸ் லீ சேர்ன் ஆய்வுகூடத்தில் ஆக்கிய முதலாவது உலாவியில் பக்கத்தை வாசிக்கவும் முடிந்தது, திருத்தவும் முடிந்தது. பின்னர் பரவிய உலாவிகளோ பெரும்பாலும் வாசிப்பதற்கே உதவின. எழுத விரும்பியவர் எச்.ரி.எம்.எல் குறிகளைக் கற்க வேண்டியதாயிற்று. வாசிக்கும் கதவு அகலத் திறந்தது. எழுதும் கதவு ஒடுங்கிப் போனது.

அந்தக் கதவை மீண்டும் திறக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, எளிய குறிகளைக் கற்றுக்கொடுப்பது. 2001 இல் ஆரம்பித்த விக்கிப்பீடியா இவ்வழியிற் சென்றது. அங்கே ஒரு சொல்லைத் தடித்த எழுத்தாக்க, அதன் இருபுறமும் மூன்று ஒற்றை மேற்கோள் குறிகளை இட வேண்டும். மற்றையது, வெளியாகும் பக்கம் போன்ற தோற்றத்தையே எழுதும்போதும் காட்டுவது. 2013 இல் ஆங்கில விக்கிப்பீடியா இத்தகைய காட்சித் தொகுப்பானை அறிமுகப்படுத்தியது. ஆனால் குறிகளில் கைபழகியவர்கள் அதன் வேகக் குறைவையும் வழுக்களையும் கண்டு கடுமையாக எதிர்த்தனர். சில மாதங்களிலேயே அது விரும்பியவர் மாத்திரம் பயன்படுத்தும் வசதியாக மாற்றப்பட்டது. இன்று விக்கிப்பீடியாவில் இரண்டு வழிகளும் உள்ளன. புதியவருக்கு இலகு வேண்டும், பழகியவருக்கு வேகம் வேண்டும். ஒருவருக்காக மற்றவரைத் தள்ளிவிட முடியாது.

கண்ணுக்குத் தெரிவதை அப்படியே காட்டும் முறையில் ஓர் ஆபத்தும் உண்டு. உபதலைப்பு ஒன்று வேண்டுமென்றால், பலர் அந்த வரியைப் பெரிதாக்கித் தடிப்பாக்கிவிடுவார்கள். பார்ப்பவருக்கு அது தலைப்பு. ஆனால் கணினிக்கு அது தடித்த எழுத்திலான சாதாரண வரி. பார்வையற்ற மாணவி ஒருத்தி, திரையை வாசித்துக்காட்டும் மென்பொருளின் உதவியோடு தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவியே பக்கத்தை அறிகிறாள். முறையான தலைப்புகள் இல்லாவிட்டால் முழுப் பக்கத்தையும் முதலிலிருந்து கேட்பதைத் தவிர அவளுக்கு வழியில்லை. ஆகவே ‘பெரிதாக்கு’ என்ற பொத்தானைவிட ‘தலைப்பு’ என்ற பொத்தான் முன்னால் நிற்க வேண்டும். படத்தை ஏற்றியவுடன், “இதைப் பார்க்க முடியாதவருக்கு என்ன சொல்வீர்கள்?” என்று ஒரு சிறு பெட்டி கேட்க வேண்டும். எழுதுபவருக்கு அரை நிமிட வேலை. கேட்பவருக்கு அதுதான் படம்.

எழுதும் கருவிக்கும் இதே நியாயம் பொருந்தும். 2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ், பந்தி, படம், தலைப்பு ஒவ்வொன்றையும் தனித்தனித் துண்டாகக் கையாளும் புதிய தொகுப்பானைக் கொண்டுவந்தது. துண்டுகளை மேலும் கீழும் நகர்த்திப் பக்கத்தை அமைப்பது பலருக்கு வசதியாயிற்று. ஆனால் சுட்டியின்றி விசைப்பலகையால் மாத்திரம் வேலை செய்பவர்களுக்கும், திரைவாசிப்பானை நம்பியிருப்பவர்களுக்கும் அது சிரமமானது என்று வெளியீட்டுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டது. பழைய தொகுப்பானையே விரும்பியவர்களுக்காக அது தனிச் செருகுநிரலாகவும் வழங்கப்பட்டது.

இவை யாவற்றையும்விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது பயம். “எதையாவது அமத்தி, எல்லாம் அழிந்துபோனால்?” என்ற பயத்தால் கைவிடப்பட்ட இணையத்தளங்கள் ஏராளம். அறிவுரையால் இந்தப் பயம் போகாது, வடிவமைப்பால் போகும். வேர்ட்பிரஸ் சாதாரணமாக 60 செக்கனுக்கு ஒரு தடவை எழுதியதைத் தானாகவே சேமிக்கிறது. முந்திய பிரதிகளை வைத்திருந்து, வேண்டியதை மீட்டெடுக்கவும் விடுகிறது. ‘வெளியிடு’, ‘அழி’ ஆகிய பொத்தான்களை அருகருகே வைக்காதிருப்பதும், வெளியிடுமுன் பக்கத்தைப் பார்க்க விடுவதும் சின்ன விடயங்கள்தான். ஆனால் மீள வழியுண்டு என்று தெரிந்த கைதான் துணிந்து எழுதும்.

எமது மொழிக்கென்றும் சில தேவைகள் உள்ளன. எமது நாட்டில் பலர் இன்னமும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்கின்றனர். அதனை இணையத்தில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும், தேடினாலும் கிடைக்காது. ஒட்டும் கணத்திலேயே அதை இனங்கண்டு, “யுனிகோட்டுக்கு மாற்றவா?” என்று கேட்கும் திரையே தமிழருமை அறிந்த திரை. பொத்தான்களின் பெயர்களும் அவ்வாறே. ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் அடங்கும் சொல் தமிழில் இருமடங்கு நீளலாம். இடம் போதாமல் பாதியில் வெட்டுப்பட்ட தமிழ், ‘இது உங்களுக்காகச் செய்யப்பட்டதல்ல’ என்று எழுதுபவரிடம் சொல்லாமற் சொல்லிவிடும்.

தகவல் தொழினுட்பம் கற்கும் தங்கைமாருக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் ஓர் எழுதும் திரையை அமைத்தால், கணினியில் அதிகம் பழகாத ஒருவரை, உங்கள் உம்மாவையோ பாடசாலை எழுதுவினைஞரையோ, அதன் முன் அமர்த்துங்கள். ஓர் அறிவித்தலை எழுதி வெளியிடச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்க வேண்டாம். அவர்களுடைய விரல் எங்கே தயங்குகிறதோ அங்கேதான் உங்கள் வேலை மிச்சமிருக்கிறது. பெற்றோரும் ‘எனக்கு இது விளங்காது’ என்று தங்களையே குறைசொல்லி எழுந்துவிடாதீர்கள். எங்கே விளங்கவில்லை என்று சுட்டிக்காட்டுங்கள். அந்தச் சொல்தான் எங்களைப் போன்ற வடிவமைப்பாளர்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த பாடம்.