உங்களுக்குத் தெரியுமா? மூட்டையைக் கட்டுமுன்...

அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில், ஜார்ஜியா மாநிலத்து ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் மலையில் முடிகிறது அப்பலாச்சியன் நடைபாதை. 14 மாநிலங்கள், ஏறக்குறைய 3,500 கி.மீ. முழுக்க நடந்து முடிக்கப் பொதுவாக ஐந்திலிருந்து ஏழு மாதம் பிடிக்கும். வீடு, படுக்கை, அடுப்பு எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு அதில் நடப்பவர்களுக்கு, மூட்டை கட்டுவது என்பது பெரும்பாலும் மூட்டையிலிருந்து எடுத்துப் போடுவதுதான். அவர்களிடமிருந்தும், அவர்களைப் போன்ற மற்ற நெடுநடைக்காரர்களிடமிருந்தும் சில துணுக்குகள்.

● தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய 50 கி.மீ. தள்ளி, நீல் கேப் என்ற கணவாயில் ஒரு கடை இருக்கிறது. நடைபாதையே அந்தக் கட்டடத்தின் ஊடாகத்தான் போகிறது. நடக்கத் தொடங்கி மூன்று நான்கு நாள் ஆனவர்கள் தோள் கன்றிப்போய் அங்கே வந்து சேருவார்கள். கேட்டுக்கொண்டால் கடைக்காரர்கள் பையை அவிழ்த்து, உள்ளே இருப்பதையெல்லாம் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து விசாரணை நடத்துவார்கள். இதை இதுவரை ஒரு தடவையாவது வெளியே எடுத்தீர்களா? கைக்கோடரி, இரண்டாவது ஜீன்ஸ், முழு பாட்டில் ஷாம்பு, தலையணை கனத்தில் புத்தகம்... பதில் இல்லாதவை எல்லாம் அட்டைப்பெட்டியில் ஏறி வீட்டுக்குப் பார்சலாகிவிடும். வாசலில் நின்ற மரத்தில் பழைய ஷூக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கியதுண்டு. இந்த வழியில் நடந்து தேய்ந்த கால்களின் கணக்கு அது.

● இந்தப் பாதையைத் தனியாக, ஒரே பருவத்தில் நடந்து முடித்த முதல் பெண்ணுக்கு அப்போது வயது 67. பெயர் எம்மா கேட்வுட், ஓஹையோ மாநிலத்துக்காரர், 11 பிள்ளைகளின் தாய். 1955 மே 3 அன்று கிளம்பி செப்டம்பர் 25 அன்று கட்டாடின் உச்சியில் நின்றார். முதுகுப்பை கிடையாது. ஜீன்ஸ் துணியில் தானே தைத்த ஒரு பையை ஒரு தோளில் போட்டுக்கொண்டார். அதற்குள் ராணுவக் கம்பளி ஒன்று, மழைக்கோட்டு, கூடாரத்துக்குப் பதிலாகக் குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை. காலில் சாதாரண கேன்வாஸ் ஷூ. சாப்பாட்டுக்கு டின் சாசேஜ், கொட்டைகள், உலர்திராட்சை, சூப் கட்டி.

இதைப் படித்துவிட்டு உடனே போர்வையோடு கிளம்பிவிட வேண்டாம். பாட்டி பல இரவுகள் வழியில் இருந்த வீடுகளின் கதவைத் தட்டி இடம் கேட்டுத் தங்கியவர். கூச்சம் பார்க்காமல் கேட்கத் தெரிந்தவருக்குக் கூடாரத்தின் எடை மிச்சம். முந்தைய ஆண்டு, 1954-இல், இதே பாதையை வடமுனையிலிருந்து தொடங்கி, வழி தவறி, கண்ணாடியும் உடைந்து திரும்பியவர் அவர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

● நெடுநடைக்காரர்கள் எடை பேசும்போது சாப்பாடு, தண்ணீர், எரிபொருள் மூன்றையும் சேர்ப்பதில்லை. அவை தினமும் கூடிக் குறையும். மற்றதெல்லாம்தான் 'அடிப்படை எடை'. அது 10 பவுண்டுக்கு, அதாவது சுமார் நாலரைக் கிலோவுக்குக் கீழே வந்துவிட்டால் 'அல்ட்ராலைட்' கூட்டத்தில் சேர்ந்துவிடலாம். சிறுசிறு சாமானில் கை வைப்பதற்கு முன் முதுகுப்பை, கூடாரம், படுக்கை மூன்றையும் பாருங்கள். கிலோக்கணக்கில் குறைவது அங்கேதான்.

அனுபவசாலிகள் முதலில் வாங்கச் சொல்வது சமையலறைத் தராசு. கடைசியாக வாங்கச் சொல்வது முதுகுப்பை. சாமானைச் சேர்த்து வைத்துக்கொண்டு அதற்கேற்ற பையை வாங்க வேண்டும். பெரிய பையை முதலில் வாங்கிவிட்டால் அதை நிரப்பாமல் நமக்குத் தூக்கம் வராது.

● பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக வெட்டிக்கொண்டு போகிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். மிச்சமாவது சில கிராம். பிரஷ்ஷை வெட்டியவர் பையில் மூன்றாவது டி-ஷர்ட் இல்லாமல் இருந்தால் சரி.

● காலில் போடும் எடை முதுகில் போடும் எடையைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு உழைப்பை வாங்குகிறது. ஒவ்வோர் அடிக்கும் அதைத் தூக்கி, முன்னே வீசி, மறுபடி நிறுத்த வேண்டியிருக்கிறதே! கனத்த தோல் பூட்ஸை விட்டுவிட்டுப் பலர் இலகுவான ஓட்ட ஷூவுக்கு மாறியதன் காரணம் இதுதான். அவை சீக்கிரம் தேயும், 3,500 கி.மீ.க்கு நான்கைந்து ஜோடி ஆகும். தொடர்ந்து நடந்தால் பாதம் வீங்கும் என்பதால் வழக்கமான அளவைவிட அரை அளவோ ஓர் அளவோ பெரிதாக வாங்குவது உத்தமம். மாலை வேளையில் கடைக்குப் போய்ப் போட்டுப் பாருங்கள்.

● பையைச் சுமப்பது தோள் அல்ல, இடுப்பு. நன்றாகப் பொருந்திய பையில் எடையின் பெரும்பங்கு இடுப்புப் பட்டை வழியாக எலும்புக்கு இறங்கிவிடும். தோள்பட்டை வார்கள் பை பின்னால் சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும். கலிபோர்னியாவில் டிக் கெல்ட்டி 1952-இல் அலுமினியச் சட்டம் வைத்த பைகளை விற்கத் தொடங்கியபோது இந்தச் சூட்சுமம் பரவலானது.

பை வாங்கும்போது உங்கள் உயரத்தைச் சொல்லிப் பயனில்லை. முதுகின் நீளம்தான் கணக்கு. தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஆறடி ஆளுக்குக் குட்டை முதுகும், ஐந்தடி ஆளுக்கு நீள முதுகும் இருக்கலாம்.

● இந்த இடுப்புப் பட்டை சாஸ்திரத்தையெல்லாம் நேபாளத்துச் சுமைக்காரர்கள் சிரித்துக்கொண்டே தாண்டிப் போவார்கள். கூடையின் பாரத்தை நெற்றியில் மாட்டிய 'நாம்லோ' என்ற பட்டையால் தாங்குகிறார்கள். நாம்சே பஜார் சந்தைக்குப் போகிற சுமைக்காரர்களை நிறுத்தி எடைபோட்டுப் பார்த்த ஆய்வு 2005-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவீதத்தையும், பெண்கள் 66 சதவீதத்தையும் சுமந்துகொண்டிருந்தார்கள். பயிற்சி பெற்ற ஐரோப்பியர்கள் முதுகுப்பையோடு நடப்பதைவிடக் குறைந்த சக்தியில்! மெதுவாக நடந்து, அடிக்கடி நின்று, ஊன்றுகோலின் மேல் கூடையை இறக்கி மூச்சு வாங்கிக்கொள்வது அவர்கள் வழக்கம். சிறு வயதிலிருந்து பழகிய கழுத்து அது. நாம் இடுப்போடு நிற்பதே நல்லது.

● பையில் எது எங்கே? தூங்கும்போதுதான் தேவைப்படும் என்பதால் ஸ்லீப்பிங் பேக் அடியில். சாப்பாடும் மற்ற கனத்த சாமானும் நடுவில், முதுகெலும்பை ஒட்டி. மழைக்கோட்டு உச்சியில். கனமானதை வெளிப்பக்கம் வைத்தால் பை பின்னால் இழுக்கும். நாள் முழுக்க முன்னால் குனிந்தே நடக்க வேண்டிவரும்.

● மழைக்குப் பையின் மேல் போடும் உறையைவிட, பைக்கு உள்ளே விரிக்கும் தடித்த குப்பைப் பை நம்பகமானது. உறையைக் காற்று தூக்கும், முதுகுப்பக்கம் வழியும் தண்ணீரை அது தடுக்காது. குப்பைப் பையின் விலையும் உறையின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

● உங்கள் பையின் மார்புப் பட்டைக் கொக்கியை உற்றுப் பாருங்கள். ஓரத்தில் சின்னத் துளை இருந்தால் அது விசில். வருடக்கணக்காக மாட்டிக்கொண்டு திரிபவர்களே கவனிப்பதில்லை. மூன்று முறை ஊதினால் ஆபத்து என்று பொருள்.

● இறகு அடைத்த ஸ்லீப்பிங் பேக்கில் குளிரைத் தடுப்பது இறகு அல்ல, இறகுகளுக்கு இடையே சிக்கிய காற்று. அதனால்தான் நம் உடம்புக்கு அடியில் நசுங்கிப்போன பகுதி எதற்கும் உதவாது. தரைக் குளிரைத் தடுப்பது பாய்தான். நல்ல பேக் வாங்கிவிட்டுப் பாயில் சிக்கனம் பிடிப்பவர்கள் விடியவிடிய நடுங்குவார்கள்.

பேக்கின் மேல் போட்டிருக்கும் வெப்பநிலை எண்ணையும் கவனித்துப் படிக்க வேண்டும். சர்வதேசத் தரச் சோதனையில் இரண்டு முக்கிய எண்கள் வரும். ஒன்று சௌகரியமாகத் தூங்கும் அளவு. மற்றது சுருண்டு படுத்தால் எப்படியோ இரவைத் தாண்டிவிடலாம் என்கிற கீழ் எல்லை. விளம்பரத்தில் எது பெரிய எழுத்தில் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

● குளிரில் உங்களோடு ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுக்க வேண்டியவை இரண்டு: செல்போனும் தண்ணீர் வடிகட்டியும். போன் பேட்டரி குளிரில் சட்டென்று இறங்கும். அது காலையில் சூடானால் ஓரளவு மீளும். வடிகட்டி மீளாது. நுண்குழல் வைத்த வடிகட்டி ஒருமுறை நனைந்தபின் உறைந்தால் குழல்கள் வெடித்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தண்ணீரும் முன்போலவே வரும், கிருமியையும் கூட்டிக்கொண்டு.

● நம்மூர் வெயிலுக்குப் பருத்தியை அடித்துக்கொள்ள ஆளில்லை. குளிர் மழையில் அதுவே எமன். ஈரத்தைக் குடித்து, காயாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். ஆகவே ஜீன்ஸுக்கு மூட்டையில் இடமில்லை.

● ஆறு மாதச் சாப்பாட்டை யாரும் சுமப்பதில்லை. நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பக்கத்து ஊரில் இறங்கி வாங்கிக்கொள்வார்கள். நாளொன்றுக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை கணக்கு. இங்கே கொழுப்புதான் நண்பன்: ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. வேர்க்கடலை வெண்ணெயை டப்பாவிலிருந்து ஸ்பூனால் வழித்துத் தின்பவர்களைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். நெய்யில் பிடித்த பயத்தம் உருண்டை இந்தக் கணக்குக்கு அச்சாகப் பொருந்தும்.

● வழியோர விடுதிகளில் 'ஹைக்கர் பாக்ஸ்' என்றொரு பெட்டி இருக்கும். வேண்டாததைப் போடலாம், வேண்டியதை எடுக்கலாம், காசில்லை. ஓட்ஸ் அதில் எப்போதும் கிடக்கும். ஏன் என்பது ஒரு மாதம் ஓட்ஸ் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும்.

● செரில் ஸ்ட்ரேய்ட் 1995-இல் அமெரிக்க மேற்குக்கரையின் பசிபிக் க்ரெஸ்ட் பாதையில் கிளம்பியபோது, தன் பையைத் தரையிலிருந்து தூக்கவே முடியவில்லை. உட்கார்ந்து வாரை மாட்டிக்கொண்டு, தரையில் கைகால் ஊன்றித்தான் எழுந்தார். பைக்கு 'மான்ஸ்டர்' என்று பெயர் வைத்தார். கென்னடி மெடோஸ் என்ற இடத்தில் அனுபவசாலி ஒருவர் மடக்கு ரம்பம் முதலானவற்றை எடுத்துப் போட வைத்தார். படித்து முடித்த புத்தகப் பக்கங்களை இரவில் எரித்தும் செரில் எடை குறைத்தார். அவர் கதை 2012-இல் 'வைல்ட்' என்ற நூலாக வந்தது.

● நீல் கேப்புக்குச் சற்று முன்னால் உள்ள சுமார் 8 கி.மீ. தூரத்தில், மார்ச் முதல் ஜூன் 1 வரை இரவு தங்க வேண்டுமானால் சாப்பாட்டைக் கரடி திறக்க முடியாத உருளை டப்பாவில்தான் வைத்திருக்க வேண்டும். டப்பா மட்டுமே ஒரு கிலோ அளவு கனக்கும். நாலரைக் கிலோ கனவு கண்டவர்களுக்கு அது பேரிடி. பலர் அங்கே தங்காமல் ஒரே நாளில் கடந்துவிடுகிறார்கள்.

● பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல் கிழிந்த கூடாரத்தையும் தைக்கும். அகலமான துணி டேப்பை முழுச்சுருளாகக் கொண்டுபோகாமல் ஊன்றுகோலைச் சுற்றி நாலு சுற்று ஒட்டி வைத்துக்கொள்வார்கள். அந்த ஊன்றுகோலே இரவில் கூடாரத்தின் நடுக்கம்பு.

● விமானத்தில் போய் நடக்கப் போகிறீர்களா? அடுப்புக்கான கேஸ் சிலிண்டர் எந்தப் பெட்டியிலும் கூடாது. போய்ச் சேர்ந்த ஊரில் வாங்குங்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். 100 வாட்-மணி வரை பொதுவாகத் தனி அனுமதி வேண்டாம். வழக்கமான 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 74 வாட்-மணிதான்.

● அப்பலாச்சியன் பாதையில் பலர் தோளில் மாட்டிக்கொண்டு போகும் செயற்கைக்கோள் செய்திக்கருவியை இந்தியாவுக்குள் உரிய அனுமதியில்லாமல் கொண்டுவருவது சட்டப்படி குற்றம். விமான நிலையத்திலேயே வெளிநாட்டுப் பயணிகள் கைதான சம்பவங்கள் உண்டு. இமயமலையில் நடக்க வெளிநாட்டிலிருந்து நண்பர் யாராவது வருகிறார் என்றால், டிக்கெட் போடுமுன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.