கடலும் இடாப்பும்

சென்ற தவணையின் இறுதியில் நம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்திருந்தார். வணிகக் கப்பலொன்றில் எந்திரப் பகுதியிற் பொறியியலாளராகப் பணிபுரிபவர் அவர். மேசைமேற் கிடந்த வரவு இடாப்பைப் புரட்டிப் பார்த்தவர், "ஐயா, எங்கள் கப்பலிலும் இதுபோன்ற ஓர் இடாப்பு உண்டு. மாணவர் வரவுக்குப் பதிலாக எண்ணெயின் வரவு செலவை அதில் எழுதுகின்றோம். அதில் ஒரு வரி பொய்யானாற் சிறை செல்லவும் நேரும்" என்றார். தமிழாசிரியனாகிய எனக்கு அவர் கூற்று வியப்பளித்தது. அவரிடம் கேட்டறிந்தவற்றையும் பின்னர் படித்தறிந்தவற்றையும் இம்மலரின் வாசகர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரையிலே ஒருவன் தன் வீட்டுக் குப்பையை அயலான் வளவில் எறிந்தால் அயலான் கேட்பான், பிரதேச சபை கேட்கும், நீதிமன்றமும் கேட்கும். நடுக்கடலில் நள்ளிரவிற் கழிவெண்ணெயைக் கொட்டும் கப்பலைக் கேட்பவர் யார்? ஆங்கு அயலானும் இல்லை, காவலனும் இல்லை. சாட்சியில்லாத இடத்திற் சட்டத்தை நிலைநாட்டுவது எங்ஙனம் என்பதே கடல் மாசு பற்றிய சட்டங்கள் அனைத்துக்கும் அடிப்படையான வினாவாகும்.

கப்பலின் எந்திர அறையில் எண்ணெயும் நீரும் இடைவிடாது கசிந்து அடித்தட்டிற் சேர்கின்றன. இக்கலவையை எண்ணெய் பிரிக்கும் கருவியினூடே செலுத்தல் வேண்டும். 10 இலட்சம் பங்கில் 15 பங்குக்கு மேல் எண்ணெய் இல்லாத நீரையே கடலில் விடலாம். எஞ்சிய கழிவைக் கப்பலிலுள்ள உலையில் எரித்தல் வேண்டும்; அன்றேல் துறைமுகத்திற் பணங்கொடுத்து ஒப்படைத்தல் வேண்டும். இவற்றுக்குக் காலமும் பணமும் செலவாகும். இரவிற் கடலில் ஊற்றிவிட்டாலோ செலவு யாதுமில்லை. குற்றத்தின் வேர் இங்கேதான் உள்ளது.

இதனைத் தடுக்க நாடுகள் முதன்முதலாக 1954ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிற் கூடி எண்ணெய் மாசு பற்றிய உடன்படிக்கை ஒன்றைச் செய்தன. எனினும் உலகின் கண்ணைத் திறந்தது 1967 மார்ச் 18இல் நிகழ்ந்த விபத்தேயாகும். லைபீரியக் கொடியுடன் சென்ற 'டொறி கன்யன்' என்னும் எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரைக்கு அப்பாற் பாறையில் மோதியது. ஏறக்குறைய 1,20,000 தொன் மசகெண்ணெயை ஏற்றிவந்த கப்பல் அது. அவ்வெண்ணெய் இங்கிலாந்து, பிரான்சு ஆகிய இரு நாடுகளின் கரைகளையும் பாழ்படுத்தியது. அதன் பின்னரே 1973ஆம் ஆண்டு விரிவானதோர் உடன்படிக்கை உருவாயிற்று. 1978இல் திருத்தமுற்று, 1983 ஒக்டோபர் 2ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அவ்வுடன்படிக்கையே 'மார்போல்' எனப்படுவது. எண்ணெய், தொகையாக ஏற்றப்படும் நச்சுத் திரவங்கள், பொதிகளிற் செல்லும் தீங்குதரு பொருள்கள், மலக்கழிவு, குப்பை, புகை என்னும் ஆறனையும் அதன் ஆறு இணைப்புகள் ஆளுகின்றன. பிளாத்திக்குப் பொருள் எதனையும் எக்கடலிலும் எறிதல் ஆகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று.

விதி செய்தல் எளிது. அதனை நடைமுறைப்படுத்தலே அரிது. அப்பொறுப்பு மூவகை அரசுகளிடம் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளது. முதலாவது, கப்பல் எந்நாட்டுக் கொடியைப் பறக்கவிடுகின்றதோ அந்நாடு. கப்பலைச் சோதித்துச் சான்றிதழ் வழங்குதலும் பிழைசெய்தாற் தண்டித்தலும் அதன் கடமை. ஆனால் உரிமையாளர் ஒரு நாட்டிலும் கொடி வேறொரு நாட்டிலுமாக இருக்கும் கப்பல்கள் பல. பதிவுக் கட்டணத்தை நாடும் சில நாடுகள் தம் கொடியின்கீழ் ஓடும் கப்பல்களைக் கடிந்து கேட்பதில்லை.

ஆகலின் இரண்டாவது காவலன் வேண்டியதாயிற்று. அதுவே துறைமுக நாடு. எக்கொடியுடைய கப்பலாயினும், துறைக்குள் வந்ததும் அந்நாட்டு அதிகாரிகள் ஏறிச் சோதிக்கலாம். குறைகண்டால் அது நீங்கும்வரை தடுத்து வைக்கலாம். உடன்படிக்கையிற் சேராத நாட்டின் கப்பலுக்கும் சலுகை கிடையாது. ஒரு துறையில் அகப்பட்ட கப்பல் மறுதுறையில் ஒளிந்துகொள்ளாதபடி அயல்நாடுகள் கூடிச் செய்திகளைப் பகிர்ந்துகொள்கின்றன. இந்து சமுத்திர நாடுகள் 1998இல் உருவாக்கிய அத்தகைய இணக்கப்பாட்டில் இலங்கையும் உறுப்புநாடாகும். மூன்றாவது காவலன், தன் கடற்பரப்பிற் கேடு நேர்ந்தால் நடவடிக்கை எடுக்கும் உரிமையுடைய கரையோர நாடு.

துறைமுக அதிகாரி கப்பலேறியதும் முதலிற் கேட்பது, என் மாணவர் கூறிய அவ்விடாப்பையே. எண்ணெய்ப் பதிவேடு என்பது அதன் பெயர். எத்துணைக் கழிவு சேர்ந்தது, எப்போது எரிக்கப்பட்டது, எத்துறையில் ஒப்படைக்கப்பட்டது என்பன அதில் அவ்வப்போதே எழுதப்படல் வேண்டும். ஒவ்வொரு பதிவின்கீழும் பொறுப்பான அதிகாரி கையொப்பமிடுவார். நிறைந்த ஒவ்வொரு பக்கத்தின்கீழும் கப்டன் கையொப்பமிடுவார். இறுதிப் பதிவின் பின்னரும் மூன்றாண்டு அதனைப் பேணல் வேண்டும். முன்னாளில் வித்தியாதரிசிகள் பாடசாலைக்கு வந்தால் இடாப்பிலுள்ள எண்ணையும் வகுப்பிலுள்ள தலைகளையும் ஒப்பிட்டதுபோல, இவ்வதிகாரிகளும் ஏட்டிலுள்ள கணக்கையும் தாங்கியிலுள்ள அளவையும் ஒப்பிடுவர். குழாய்ப் பூட்டுகளிற் பூச்சு அண்மையிற் கழன்றுள்ளதா என்றும் நோக்குவர். கழற்றிப் பூட்டிய குழாய் தன் கதையைத் தானே சொல்லிவிடும்.

'கரீபியன் பிரின்செஸ்' என்னும் உல்லாசக் கப்பலின் வழக்கு இதனை நன்கு விளக்கும். 2013 ஓகஸ்டில் இங்கிலாந்துக் கரைக்கு அப்பால் அக்கப்பல் எண்ணெய்க் கழிவைக் கள்ளக் குழாயினாற் கடலில் விட்டது. கருவியிற் பொய்ச்சான்று பதியுமாறு தூய கடல்நீரை அதனூடே செலுத்தியும் இருந்தனர். புதிதாகச் சேர்ந்த இளம் பொறியியலாளர் ஒருவர் இதனைக் கண்டு பிரித்தானிய அதிகாரிகளுக்கு அறிவித்தார். பின்னர் கப்பல் நியூயோர்க் துறையை அடைந்தபோது அமெரிக்க அதிகாரிகள் சோதித்தனர். அதன் உரிமையாளரான பிரின்செஸ் நிறுவனம் 2016ஆம் ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 கோடி டொலர் தண்டம் செலுத்த உடன்பட்டது.

இத்தகைய வழக்குகளில் ஒரு நுட்பமுண்டு. பிறநாட்டுக் கடலிற் கழிவைக் கொட்டிய செயலைத் தண்டிக்க அமெரிக்க நீதிமன்றத்துக்குப் பெரும்பாலும் அதிகாரமில்லை. ஆனால் அதனை மறைத்தெழுதிய பதிவேட்டை அமெரிக்கத் துறைக்குள் கொண்டுவருதல் அந்நாட்டு மண்ணிற் செய்த குற்றமாகின்றது. கடலிலே கரைந்துபோன குற்றம் ஏட்டிலே கரையாது நிற்கின்றது!

நம் நாட்டிலும் 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசடைதல் தடுப்புச் சட்டம் உண்டு. அதனை நடத்தக் கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகாரசபையும் உண்டு. எனினும் 2021 மே 20இல் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பல் கொழும்புக்கு அப்பாற் தீப்பற்றி, ஜூன் 2இல் மூழ்கத் தொடங்கிய கதையை நாம் அறிவோம். அதற்கு முன்னரே கொள்கலம் ஒன்றிலிருந்து நைத்திரிக் அமிலம் கசிந்துகொண்டிருந்தது. அதனை இறக்க வேறிரு துறைமுகங்கள் இடங்கொடுக்கவில்லை. ஏறக்குறைய 1,680 தொன் பிளாத்திக்கு மணிகள் அக்கப்பலில் இருந்தன. அவை நீர்கொழும்பு முதலிய கரைகளில் வெண்மணல்போற் குவிந்தன. மீனவர் பலர் தொழிலிழந்தனர். அம்மணிகளோ அன்று அபாயப் பொருள்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. விதி காணாத பொருளைக் காவலனும் காணான். 2025 ஜூலையில் நமது உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு கட்டளையிட்டது.

என் மாணவர் விடைபெறுமுன் இன்னொன்றும் கூறினார். அவர் பணியாற்றிய முதற் கப்பலில், மேலதிகாரி சொன்ன எண்ணைப் பதிவேட்டில் எழுத மறுத்தமையால் அவரது ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லையாம். எட்டு மாதம் வேலையின்றி இருந்தாராம். "நீர் வருந்தவில்லையா?" என்று கேட்டேன். "வருந்தினேன் ஐயா. வீட்டிலே தங்கையின் கலியாணக் கடன் இருந்தது. ஆனாற் பொய்க்கணக்கின்கீழ் என் கையெழுத்தை வைக்க மனம் வரவில்லை" என்றார்.

உடன்படிக்கைகளும் அதிகாரசபைகளும் வேண்டியனவே. ஆயினும் அவை அனைத்தும் இறுதியில் எந்திர அறையில் எழுதுகோல் பிடித்திருக்கும் ஒருவனின் கையையே நம்பியுள்ளன. அவன் எண்ணைச் சரியாக எழுதினாற் கடலுக்குச் சாட்சி உண்டு. அவர் சென்ற பின்னர் அன்றைய வரவு இடாப்பை எடுத்து, நான் குறித்திருந்த எண்களை மீண்டும் ஒருமுறை கூட்டிப் பார்த்தேன்.