பாட்டரியைக் குறை சொல்லலாமா?

படகும் மோட்டார் சைக்கிளும் கலந்தாற்போன்ற ஒரு வாகனம் நீர் ஸ்கூட்டர். இதன் எஞ்சின் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. பம்பு நீரை உறிஞ்சிப் பின்புறமாகப் பீய்ச்சுகிறது. அதன் எதிர்வினையால் வண்டி முன்னே பாய்கிறது. 1973இல் கவாசாகி நிறுவனத்தின் 'ஜெட் ஸ்கி' அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பின்னர் இவ்வகை வண்டிகள் பரவலாயின. பழைய வண்டிகளை இன்றும் பலர் பழுது பார்த்து ஓட்டுகின்றனர்.

அமெரிக்காவின் வட மாநிலங்களில் குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்துவிடும். கோடையில்தான் வண்டி வெளியே வரும். பொத்தானை அழுத்தினால் 'டிக்' என்ற ஒலி மட்டும் கேட்கும். உரிமையாளர் புதுப் பாட்டரி வாங்கிப் பொருத்துவார். ஒரு வாரம் ஓடும். பிறகு மீண்டும் அதே 'டிக்'! குற்றவாளி உண்மையில் பாட்டரிதானா?

மேல்நிலைத் தொட்டியில் நீர் இல்லாவிட்டால் தொட்டி ஓட்டை என்று உடனே முடிவு கட்டுவோமா? கிணற்று மோட்டார் ஓடாமலிருக்கலாம்; குழாய் அடைத்திருக்கலாம். பாட்டரியும் ஒரு தொட்டியே. அதை நிரப்பும் ஏற்பாட்டைப் பார்ப்போம்.

எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீல் என்னும் கனத்த சக்கரத்தில் காந்தங்கள் பதிக்கப்பட்டுள்ளன. அதனுள்ளே 'ஸ்டேட்டர்' எனப்படும் அசையாத கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. காந்தங்கள் சுற்றும்போது சுருள்களில் மாறுதிசை மின்னோட்டம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இது. இதை மின்திருத்தி நேர்திசை மின்னோட்டமாக மாற்றுகிறது. சீராக்கி மின்னழுத்தம் அளவு மீறாமல் காக்கிறது. பிறகு கம்பி, ஃப்யூஸ் வழியாக மின்சாரம் பாட்டரியை அடைகிறது. இச்சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் பாட்டரி வற்றும்.

இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பல பழைய வண்டிகளில் தீப்பொறிக்கான மின்சாரம் தனிச் சுருளிலிருந்து வருகிறது. ஆகவே பாட்டரிக்கு மின்சாரம் ஏறாவிட்டாலும் எஞ்சின் குறையின்றி ஓடும். ஏரி நடுவே அதை நிறுத்திவிட்டு மறுபடி பொத்தானை அழுத்தும்போதுதான் குட்டு வெளிப்படும். பம்பு பீய்ச்சும் நீரைத் திருப்பியே இவ்வண்டியைத் திருப்புகிறோம். எஞ்சின் நின்றால் திசை திருப்பவும் இயலாது. காற்று தள்ளும் பக்கம் மிதக்க வேண்டியதுதான்.

பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு மல்டிமீட்டர் போதும்.

முதலாவது, பாட்டரி. அதில் ஏறத்தாழ 2.1 வோல்ட் கொண்ட 6 மின்கலங்கள் உள்ளன. நிறைந்த பாட்டரி, ஓய்வில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது.

இரண்டாவது, எஞ்சினை ஓட்டி, வேகத்தைச் சற்றுக் கூட்டி அளக்க வேண்டும். பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை உயரவேண்டும். உயரவே இல்லையெனில் மின்சாரம் வந்து சேரவில்லை. 15ஐத் தாண்டினால் சீராக்கியை ஐயுற வேண்டும்.

மூன்றாவது, ஃப்யூஸும் இணைப்புகளும். உப்பு நீரில் ஓடிய வண்டியில் செம்புக் கம்பிகளில் பச்சைக் களிம்பு படியும். மின்னோட்டம் இல்லாதபோது இத்தகைய இணைப்பிலும் மின்னழுத்தம் சரியாகவே தெரியும். மின்னோட்டம் பாயும்போதுதான் குறையும். ஓமின் விதி நினைவிருக்கிறதல்லவா? எனவே எஞ்சின் ஓடும்போது, சீராக்கியின் வெளிவாயிலுக்கும் பாட்டரியின் நேர்முனைக்கும் இடையே அளக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் வழியில் தடை இருக்கிறது.

நான்காவது, ஸ்டேட்டர். அதன் இணைப்பைக் கழற்றி மாறுதிசை மின்னழுத்தத்தை அளந்தால், எஞ்சின் வேகத்தோடு அதுவும் உயரவேண்டும். உயர்ந்து, இணைப்புகளும் சரியாக இருந்தால், மின்திருத்தியும் சீராக்கியும் அடங்கிய பெட்டியே பழுது.

எல்லாம் சரியாக இருந்தும் பாட்டரி வற்றுகிறதா? ஒரு கணக்கைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் 3 விநாடிகளுக்கு 100 ஆம்பியர் எடுத்தால் செலவு 300 கூலூம். 2 ஆம்பியர் வீதம் அதைத் திருப்பிச் செலுத்த 150 விநாடிகள் வேண்டும். இழப்பைச் சேர்த்தால் இன்னும் கூடும். அடிக்கடி நிறுத்தி, மெதுவாகவே ஓட்டினால் வரவு செலவுக்கு ஈடாகாது.

எச்சரிக்கை ஒன்று. மின்னேற்றத்தின்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரலாம். மூடிய உடற்கூட்டில் பெட்ரோல் ஆவியும் தேங்கலாம். ஒரு சிறு பொறி போதும், வெடித்துவிடும். ஆகவே இருக்கையைத் திறந்து காற்றோட்டம் விட்ட பிறகே சோதிக்க வேண்டும். பாட்டரியை வெளியே எடுத்துத்தான் மின்னேற்ற வேண்டும். எஞ்சின் ஓடும்போது பாட்டரி இணைப்பைக் கழற்றவே கூடாது. கரையில் ஓட்டினால் குளிர்விக்க நீர்க்குழாய் தேவை: முதலில் எஞ்சின், பிறகு நீர், நிறுத்தும்போது முதலில் நீர், பிறகு எஞ்சின். வரிசை மாறினால் எஞ்சினுக்குள் நீர் புகுந்துவிடக்கூடும். பெரியவர் துணையின்றி இதில் இறங்கவேண்டாம்.

ஒவ்வோர் அளவும் ஒரு கேள்வி. ஒவ்வொரு விடையும் சந்தேகத்தில் ஒரு பகுதியை நீக்குகிறது. கேட்காமலே பாட்டரியை மாற்றியவர் பணத்தை இழந்தார். பழுதோ அங்கேயே இருந்தது.